கூட்டினால் எட்டு

நவம்பர் 6, புதன்

இது போன வருஷத்து டைரி. அப்பா மேஸ்திரியாக இருக்கும் தேங்காய்க் களத்தில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கிழமை தப்பாக இருக்கிறது, அடித்துவிட்டு எழுதுகிறேன். எழுதுவது குளியலறையில், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து. எல்லோரும் தூங்கிய பிறகு இங்கே விளக்கெரிந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வயிறு சரியில்லை என்று அத்தையிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அத்தை தினமும் ஓமத் தண்ணீர் கொடுக்கிறாள். அதையும் குடிக்கிறேன்.

இன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார், கார் வாங்கப்போகிறோம் என்று. அம்மா சாதம் போட்டுக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தையின் இரட்டைப் பையன்கள் இரண்டு பேரும் தட்டிலிருந்து எழுந்து ஆடினார்கள்.

“பெரிய வண்டியாத்தான் பாக்கோணும்” என்றார் அப்பா. “நாம ஏழு பேரு. அரசோட நாற்காலியும் ஏறோணும். மூணரை லட்சத்துக்கு மேல ஒரு ரூவா கெடையாது. செகண்ட் ஹேண்டுதான்.”

அரசு என் அண்ணன், பூவரசன். வயது இருபது. பத்து வயதிலிருந்து தசை நோய். நடந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. தபாலில் பி.காம். படிக்கிறான். போன வருஷம் பரீட்சைக்குக் கூப்பிட்டிருந்த டாக்சிக்காரர் வாசலில் அவனைப் பார்த்துவிட்டு, தூக்கி ஏற்றுவதெல்லாம் என்னால் ஆகாது என்று போய்விட்டார். இந்த வருஷம் டிசம்பர் பதினாலாம் தேதி முதல் பரீட்சை. அதற்குள் வண்டி வேண்டும்.

“போன்ல தேடறதெல்லாம் உன்ற வேலை, அம்மிணி” என்றார் அப்பா. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் நானும் அண்ணனும்தான். அண்ணனால் போனை வெகுநேரம் பிடித்திருக்க முடியாது.

நவம்பர் 10, ஞாயிறு

காங்கேயத்தில், பழைய கார் விற்கும் இரண்டு கன்சல்டிங்கில் வண்டி பார்த்தோம். புரோக்கர் சென்னியப்பன் கூட வந்தார். அவர் எந்த வண்டியைத் தொட்டாலும் “ஒரே ஓனருங்க, டாக்டர் வச்சிருந்ததுங்க” என்றார். ஐந்தாவது வண்டியிலும் டாக்டர் வந்ததும் அப்பா கேட்டார்: “ஏனுங்க, இந்த ஊர்ல இத்தனை டாக்டர் இருந்தா நாங்க எதுக்குங்க கோயமுத்தூருக்கு ஓடறோம்?”

அப்பா சட்டைப் பையில் ஒரு சணல் கயிறு வைத்திருக்கிறார். அதில் இரண்டு முடிச்சு. நுனியிலிருந்து முதல் முடிச்சு வரைக்கும் அண்ணனின் சக்கர நாற்காலியின் உயரம். இரண்டாவது முடிச்சு வரைக்கும் இருப்பது, அவன் முழங்காலை மேலும் மடக்காமல் உள்ளே கொண்டுபோக வேண்டிய அகலம். அவன் கால்கள் மடங்கி இறுகிவிட்டன, ஓரளவுக்கு மேல் நீட்டவும் முடியாது, ஒடுக்கவும் முடியாது. அப்பா இஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் கதவைத் திறந்து கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். எந்தக் கதவும் இரண்டாவது முடிச்சுக்கு வரவில்லை.

பாதியில் அப்பா ஒரு வண்டியின் மேல் கையூன்றி நின்றுகொண்டார். “ஒண்ணுமில்ல, நேத்து ரெண்டு மூட்டை சேத்துத் தூக்கிட்டேன்” என்றார்.

ஒரு சாம்பல் நிற வண்டி எனக்குப் பிடித்திருந்தது. பளபளவென்ற சக்கரம். உள்ளே புதுத்துணி வாசம்.

நவம்பர் 12, செவ்வாய்

வகுப்பில் என் பெஞ்சில் உட்காரும் ரித்திகாவிடம் கார் வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது.

நவம்பர் 14, வியாழன்

ஒரு வேன் கிடைத்தது. தாராபுரத்துக்குப் பக்கத்தில். விலை இரண்டு லட்சத்து எண்பது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை வேன், நெட்டையாக, ரொட்டி டப்பா மாதிரி. பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவு. பின்பக்கம் மடக்கி வைக்கிற இரும்புப் பலகை. அதை இறக்கினால் நாற்காலியைத் தூக்கவே வேண்டாம், தள்ளிக்கொண்டே உள்ளே போய்விடலாம். ஒரு சிறப்புக் குழந்தைகள் இல்லத்தின் வேன் அது. இல்லத்தை மூடுகிறார்களாம். பக்கத்தில் எழுதியிருந்ததைச் சுரண்டியிருக்கிறார்கள், ஆனாலும் படிக்க முடிகிறது. ‘மனவளர்ச்சி குன்றிய’ என்பது நன்றாகவே தெரிகிறது.

முன்கட்டில் உட்கார்ந்து போன் செய்தேன். நோட்டில் எழுத வசதியாக ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டேன். ஜெபராஜ் என்ற மேனேஜர் பேசினார், ரொம்ப மரியாதையாக. எஃப்.சி. இருக்கிறது, டயர் புதுசு, வண்டி எண் இன்னது என்று சொன்னார். எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டி வருகிறேன் என்றேன்.

பள்ளியில் காலையில் பிரேயருக்கு முன்னால் ரித்திகா கேட்டாள், “உங்க கார்ல ஒரு நாள் எங்களையும் கூட்டிட்டுப் போவியாடி?” கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

எங்கள் வீட்டில் எட்டு ஆகாது. வண்டி எண்ணைக் கூட்டினால் எட்டு வரக்கூடாது, எட்டாம் தேதி எதுவும் செய்யக்கூடாது. அண்ணன் பிறந்தது பதினேழாம் தேதி. ஒன்றும் ஏழும் எட்டு. எல்லாம் அதனால்தான் என்று அம்மாவுக்கு யாரோ ஜோசியர் சொல்லியிருக்கிறார். அம்மா அதை யாரிடமும் பேசமாட்டாள், ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணனுக்கு எண்களைக் கூட்டுவது விளையாட்டு. அவன் கட்டில் ஜன்னலோரம் இருக்கிறது. ரோட்டில் போகும் வண்டிகளின் எண்ணைச் சொல்வான், நான் கூட்டுத்தொகை சொல்ல வேண்டும். முந்திச் சொன்னவர் ஜெயித்தவர். நான் ஒரு தடவையும் ஜெயித்ததில்லை.

வேனின் எண் 4230. கூட்டினால் ஒன்பது. ஒன்பது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த எண்.

பொழுதோடு அப்பா வந்ததும் நான் வேனைப் பற்றிச் சொன்னேன். பலகையைப் பற்றியும் சொன்னேன். அப்பாவின் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்கு வரவில்லை. “இழுத்துத் தொறக்கற கதவா? அப்ப முடிச்சே தேவையில்லையே” என்றார்.

“நம்பர் என்ன கண்ணு?” என்றாள் அம்மா.

நான் 4220 என்றேன்.

அம்மா கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைத்து எண்ணினாள். எண்ணி முடித்ததும் கையை உதறினாள்.

“வேண்டாஞ் சாமி. எட்டு.”

“அட, நம்பர்ல என்ன இருக்குது மரகதம்? வண்டி அத்தனை தோதா இருக்குது.”

“இந்த வீட்டுக்கு எட்டு ஏற்கனவே ஒண்ணு போதும்” என்றாள் அம்மா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. சட்டென்று உள்ளே போய்ப் பால் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கனவே கழுவிய பாத்திரம்.

அண்ணன் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

“உன்ற அம்மா மனசுக்கு ஒப்பலைன்னா உடு, அம்மிணி” என்றார் அப்பா. “வேற பாப்போம்.”

ஒரு மூன்றை இரண்டாக்கினேன், அவ்வளவுதான். அம்மா அப்படிச் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 17, ஞாயிறு

அண்ணன் பிறந்தநாள். அம்மா சேமியா பாயசம் வைத்தாள். கூட்டு விளையாட்டு விளையாடலாமா என்று நானே கேட்டேன். கண் வலிக்கிறது, வேண்டாம் பாப்பா என்றான்.

நவம்பர் 20, புதன்

பயந்தது நடந்தது. அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெபராஜ். “ஞாயித்துக்கிழமை வர்றேன்னீங்களேம்மா, காத்திருந்தேன். உங்க அண்ணனுக்குன்னு சொன்னதால வேற ஆளுக்குக் குடுக்காம வச்சிருக்கேன். விலையில வேணா அஞ்சாயிரம் கொறைச்சுக்கலாம்.”

வேறு வண்டி வாங்கிவிட்டோம் என்று சொன்னேன். இன்னும் வாங்கவே இல்லை. நல்லதும்மா, நல்லா இருங்க என்று வைத்தார். அவர் திட்டியிருக்கலாம்.

அவர் எண்ணைத் தடை செய்துவிட்டு, பேசிய விவரத்தையும் அழித்தேன். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து “யாரு?” என்றார். தப்பான நம்பர் என்றேன்.

நவம்பர் 24, ஞாயிறு

சாம்பல் நிற வண்டியை வாங்கிவிட்டோம். மூன்று லட்சத்து நாற்பது. கூட்டினால் ஆறு.

அப்பா கடைசியாக ஒரு தடவை கயிற்றைக் கதவில் பிடித்துப் பார்த்தார். நான்கு விரல் குறைந்தது. கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, “பரவால்ல, கொஞ்சம் சாய்ச்சுத் தூக்கிக்கலாம்” என்றார். சென்னியப்பன், “டாக்டர் வண்டிங்க, கைராசி” என்றார்.

வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பிறகு அண்ணனை ஏற்றிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு லாரி டிரைவர் கால்மாட்டைப் பிடித்தார், அப்பா கையிடுக்கில் கைகொடுத்துத் தூக்கினார். கதவுத் தூணில் முழங்கால் இடித்தது. அண்ணன் சத்தம் போடவில்லை. உட்கார்ந்ததும், “ஏசி நல்லா வருதுப்பா” என்றான். முட்டியில் தோல் வழன்றிருந்ததை அத்தைதான் பார்த்தாள்.

நவம்பர் 29, வெள்ளி

இன்று மழை. அப்பா என்னைக் காரில் பள்ளியில் விட்டார். ரித்திகாவும் மற்றவர்களும் வாசலில் நின்றிருந்தார்கள். “சூப்பர்டி! இத்தனை பெரிய கார் எதுக்குடி, உங்க வீட்ல நீ ஒரே புள்ளதான?” என்றாள் ரித்திகா. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, குடையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குக் கேட்டிருக்காது. மழைச் சத்தம்.

ஜூன் மாதம் இந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள், அண்ணன் தம்பி இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். வேறெதையும் யோசித்துச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல வழியே கிடைக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

அண்ணன் ராத்திரி பகலாகப் படிக்கிறான். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் திருப்புகிறாள். அத்தைக்கே இப்போது தேய்மானம் என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. “பொருளு பழசாகப் பழசாக வெலையக் கொறைச்சுக்கிட்டே வர்றது. அப்படிப் பாத்தா நாமெல்லாம் இன்னேரம் சும்மாவே கெடைப்போம்” என்றாள். அண்ணன் வெகுநாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தான்.

டிசம்பர் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கிளம்பும்போது பக்கத்து வீட்டு லாரி டிரைவர் இருந்ததால் ஏற்றுவதில் சிக்கலில்லை. அப்பா, அம்மா, நான், அண்ணன் நான்கு பேரும் ஒன்பதேகாலுக்கே பரீட்சை நடக்கும் கல்லூரிக்குப் போய்விட்டோம். பத்து மணிக்குப் பரீட்சை. பத்தரை வரைக்கும் உள்ளே விடுவார்கள்.

அங்கே இறக்குவதற்கு அப்பா அண்ணனின் கையிடுக்கில் கைகொடுத்துத் தூக்கினார். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். கதவுத் தூணில் முழங்கால் இடிக்காமலிருக்க அப்பா இடுப்பைத் திருப்பினார். அப்போது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அண்ணனைக் கீழே விடாமல் சீட்டின் மேல் தள்ளிவிட்டு, அப்படியே மண்டியிட்டு, பிறகு தரையில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். எழ முடியவில்லை.

அப்பா விழுந்தபோது நான் முதலில் செய்ததை எழுத வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். பள்ளியில் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அப்பாவிடம் குனிந்தேன்.

வாட்ச்மேன் ஓடிவந்தார். பரீட்சைக்கு வந்த இரண்டு பையன்கள் வந்தார்கள். நல்ல பையன்கள்தான், எப்படிப் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தோளைப் பிடித்து இழுத்ததும் அண்ணன் கத்திவிட்டான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. அவர்கள் பயந்து கையை எடுத்தார்கள். மணி அடித்துவிட்டது, அவர்களும் உள்ளே போக வேண்டியிருந்தது. காரிலேயே எழுத விடச் சொல்லி, பரீட்சை நடத்தும் ஒரு மேடத்தை அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். வினாத்தாளை வெளியே கொண்டுவர அனுமதியில்லை என்று அவர் சொன்னார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அண்ணன் காரிலேயே உட்கார்ந்திருந்தான், மடியில் ஹால்டிக்கெட்டுடன். பத்தரைக்கு இன்னொரு மணி அடித்தது.

“போதும்மா. அப்பாவ மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்” என்றான்.

வாட்ச்மேனுக்குத் தெரிந்தவர் ஒருவர் எங்கள் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வரும்போது ஏசி நன்றாக வந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

அப்பா பதினைந்து நாள் அசையக்கூடாதாம். கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்.

மத்தியானம் அண்ணனுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “நாலு, ரெண்டு, மூணு, சைபர். எத்தனை பாப்பா?” என்றான்.

ரோட்டில் வண்டி எதுவும் இல்லை.

டம்ளர் என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“நீ ஸ்பீக்கர்ல பேசறப்ப நான் இங்கதான படுத்திருந்தேன்” என்றான்.

“அன்னைக்கே ஏண்ணா சொல்லல?”

“நீ ஏன் மாத்திச் சொன்னேன்னு தெரிஞ்சுபோச்சு. போட்டோவ நானும் பாத்தேன், எழுத்தெல்லாம் தெரிஞ்சுதே” என்றான். “சொல்லியிருந்தா நீ அழுவே. அம்மா அப்படிச் சொன்னதுக்கு அம்மாவும் அழுவும். எந்திரிச்சு வந்து ரெண்டு பேரையும் தேத்தறதுக்கு என்னால ஆகாதே.”

அவன் கோபமாகச் சொன்னானா, கேலியாகச் சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீரைக் கொடுத்தேன். குடித்தான்.

நான் கூடத்துக்குப் போனேன். அப்பா படுத்திருந்தார், அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் போனை எடுத்து, தடை செய்த எண்ணை விடுவித்து, ஸ்பீக்கரில் போட்டு, ஜெபராஜைக் கூப்பிட்டேன்.

“அந்த வேனாம்மா? அது போயி மூணு வாரம் ஆச்சே. ஒரு சமையல்காரர் எடுத்தாரு. பாத்திரம் ஏத்த எடஞ்சல்னு பலகையக் கூட இங்கயே கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டாரு.”

“அதோட நம்பர் மட்டும் சொல்லுங்கண்ணா.”

“இனி நம்பர் எதுக்கும்மா?”

“சொல்லுங்கண்ணா.”

“நாலு, ரெண்டு, மூணு, சைபர்.”

அம்மாவின் கட்டைவிரல் தானாகக் கணுக்களில் நகர்ந்தது. ஒன்பதாவது கணுவில் நின்றது. அதை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து அண்ணனின் கட்டிலுக்குப் போனாள்.

“நான் அன்னைக்குச் சொன்னது உன்ற காதுல உழுந்துச்சா, சாமி?”

“இந்த வீட்ல என் காதுல உழுகாம என்னம்மா இருக்குது” என்றான் அண்ணன். பிறகு, “எட்டா இருந்தாலும் ஒம்பதா இருந்தாலும் அதுல பலகை இருந்துச்சும்மா” என்றான்.

அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தை பையன்களை இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

“ஏன் அம்மிணி?” என்றார் அப்பா.

எழுத்தைப் பற்றிச் சொன்னேன். ரித்திகாவைப் பற்றிச் சொன்னேன். ஒரே பிள்ளை என்று சொன்னதையும் சொன்னேன்.

“அது எனக்குத் தெரியும்” என்றார். “அன்னைக்கு மழையில கேட்டுச்சு.”

திரும்பிப் படுக்க முடியாததால் கண்ணை மூடிக்கொண்டார்.

டிசம்பர் 18, புதன்

இன்று இரண்டாவது பரீட்சை. காருக்குள் அண்ணனைத் தூக்கி ஏற்ற ஆளில்லை, ஏற்றினாலும் அங்கே இறக்க ஆளில்லை. களத்து லோடு டெம்போவைக் கேட்கலாம் என்று சொன்னது அத்தை. அதில் தேங்காய் மூட்டை உருட்டி ஏற்றும் பலகை இருக்கிறது. “மூட்டை ஏறற பலகையில என்ற மருமகன் ஏறமாட்டானா?” என்றாள்.

அண்ணனை நாற்காலியோடு பின்னால் தள்ளி ஏற்றி, இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டினார்கள். நாற்காலி ஆடாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் என்னைச் சொல்லவில்லை. நான் யூனிபார்மில் இருந்தேன், பையைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

மேலே மூடாத டெம்போ. எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது. நாங்கள் போகும் வழியில்தான் பள்ளி. போகும் நேரமும் எல்லோரும் உள்ளே நுழைகிற நேரம்.

பள்ளிக்கு முன்னால் ஒரு பஸ் நின்றதால் டெம்போவும் நின்றது. ரித்திகா பார்த்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அண்ணனை, மறுபடியும் என்னை. என் இரண்டு கையும் நாற்காலியைப் பிடித்திருந்தன. முகத்தை மூட முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பஸ் நின்றால் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அண்ணன் எதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவன் ரோட்டை இத்தனை உயரத்திலிருந்து பார்த்து எத்தனையோ வருஷம் இருக்கும்.

“யாருடி அது?” என்று கீழேயிருந்து கேட்டாள்.

“எங்க அண்ணன்” என்றேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. இன்னொரு தடவை சொல்வதற்குள் டெம்போ நகர்ந்துவிட்டது.

“முன்னாடி போற பஸ்ஸு” என்றான் அண்ணன். “ஆறு, அஞ்சு, மூணு, மூணு. சீக்கிரம்.”

“எட்டு” என்றேன்.

“ஜெயிச்சுட்டியே” என்றான்.

அவன் சொல்லச் சொல்ல எழுத அங்கே ஓர் ஆளைக் கொடுத்திருந்தார்கள். பரீட்சையை மூன்று மணி நேரமும் எழுதினான்.

டிசம்பர் 22, ஞாயிறு

அப்பா இன்னும் என்னிடம் பேசவில்லை. சாம்பல் நிற வண்டியை விற்றுத்தரச் சென்னியப்பனிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா தினமும் பால் பாத்திரத்தை இரண்டு தடவை கழுவுகிறாள். வியாழக்கிழமை முதல் ரித்திகா வேறு பெஞ்சில் உட்காருகிறாள்.

இன்று காலை என் புத்தகப் பையின் மேல் அப்பாவின் சணல் கயிறு இருந்தது. பக்கத்திலேயே, நான் வண்டி தேடிய அப்பாவின் போனும் இருந்தது. அப்பாதான் வைக்கச் சொன்னாராம், அத்தை சொன்னாள். இரண்டு முடிச்சும் அப்படியே இருக்கின்றன. அண்ணனின் நாற்காலியில் வைத்து அளந்து பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.